நேரக் கணக்கு தப்பும் ஆய்வகக் கருவிகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

தராசுக்கு எடைக்கல் வைத்துச் சரிபார்க்கிறோம். ஒளியின் திருப்பத்தை வைத்துச் சர்க்கரையை அளக்கும் போலாரிமீட்டருக்குக் குவார்ட்ஸ் தட்டு, அமிலத்தன்மை பார்க்கும் பிஹெச் மீட்டருக்கு பஃபர் கரைசல், வெப்பமானிக்குச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. கோப்பின் முதல் நிரலில் வந்து உட்காரும் நேரத்தை மட்டும் யாரும் சரிபார்ப்பதில்லை. கணினி கொடுத்ததுதானே, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். வேகம், விகிதம், பரப்பு என்று நாம் வெளியிடும் பாதி எண்களில் நேரம் வகுக்கும் இடத்திலோ பெருக்கும் இடத்திலோ உட்கார்ந்திருக்கிறது. அது தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

மொரிஷியஸில் சர்க்கரை ஆலை ஆய்வகங்களிலும், ரெதுயி பக்கம் உள்ள ஆய்வுக்கூடங்களிலும், கடலோரத்தில் உணர்கருவி வைத்துத் தரவு சேர்ப்பவர்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் புகார்களை அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் கருவி வேறாக இருக்கலாம். அறிகுறி பெரும்பாலும் இதில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கை வைப்பதற்கு முன்

மூலக் கோப்பை நகல் எடுத்துப் பூட்டி வையுங்கள். ரன், அதாவது ஒரு முழு அளவீடு, ஓடும்போது கணினிக் கடிகாரத்தைத் திருத்தாதீர்கள். திருத்தினால் பழைய பிழையோடு புதுப் பிழையும் சேர்ந்துவிடும், இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்குப் பதிலாகக் கருவித் திரையில் தெரியும் கடிகாரத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். கைபேசி வலைப்பின்னலிலிருந்து நேரம் வாங்குகிறது. படத்தோடு எடுத்த நேரமும் பதிவாகிவிடும். அந்த ஒரு படத்திலேயே இரண்டு கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் கையில் வந்துவிடுகிறது.

அடுத்தது ஒரு சோதனை. இதற்குச் செலவு எதுவும் இல்லை. போலாரிமீட்டர், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் போன்ற ஒளிக் கருவி என்றால், கைபேசிக் கடிகாரத்தில் சரியாக ஒரு நிமிடம் பிறக்கும்போது ஒளிப்பாதையில் ஒரு கறுப்பு அட்டையை நுழைத்து உடனே எடுங்கள். ரீடிங்கில் ஒரு பள்ளம் விழும். அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை. தராசு என்றால் சின்ன எடை ஒன்றை வைத்து எடுங்கள். கடத்துதிறன் மீட்டர் என்றால் புரோபைத் தண்ணீரிலிருந்து தூக்குங்கள். அப்புறம் கோப்பைத் திறந்து, அந்தப் பள்ளங்கள் எந்த நேரத்தில் விழுந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு பள்ளமும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது நகர்வு. முதல் பள்ளத்தில் இல்லாத வித்தியாசம் இரண்டாவதில் இருந்தால் கடிகாரமோ கணக்கோ நீள்கிறது அல்லது சுருங்குகிறது. ஐந்தாறு தடவை செய்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு வந்தால் அது சிதறல். கைப்பழக்கத்தில் அரை விநாடி முன்பின் ஆகலாம். அரை மணி நேரத்துக்கு அது 0.03 சதவீதம்தான். ஆகவே ஒரு சதவீத நீட்சி ஒளிந்துகொள்ளவே முடியாது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் மருந்து தேடுவது வீண் அலைச்சல். கீழே சொல்வதெல்லாம் இந்தச் சோதனை முடிந்த பிறகு.

வேக மாறிலி எப்போதும் கூடுதலாகவே வருகிறது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் பிழை சத்தமே போடாது. வரைபடம் அழகான நேர்கோடாக வரும், பொருத்தம் 0.999 என்று காட்டும், விடை மட்டும் தவறாக இருக்கும்.

சர்க்கரைக்கு அமிலம் சேர்த்து, அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைவதைப் போலாரிமீட்டரில் பார்ப்பது இங்கே எல்லா மாணவர்களும் செய்யும் சோதனை. 1850இல் வில்ஹெல்மி செய்த அதே சோதனைதான். வேதிவினையின் வேகத்தை எண்ணாக அளந்த தொடக்க கால வேலைகளில் அது முதன்மையானது. இன்று நாம் ஒரு சின்ன நிரல் எழுதி, 30 விநாடிக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கச் சொல்கிறோம். நிரல் எப்படி எழுதப்பட்டிருக்கும்? ரீடிங் எடு, எழுது, 30 விநாடி தூங்கு, மறுபடி ரீடிங் எடு. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது.

போலாரிமீட்டர் பதில் சொல்ல 1.2 விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அப்போது உண்மையான இடைவெளி 31.2 விநாடி. நிரலோ கோப்பில் 0, 30, 60, 90 என்று வரிசை எண்ணை 30ஆல் பெருக்கி எழுதுகிறது. 120 வரி ஆனதும் கோப்பு ஒரு மணி நேரம் என்கிறது. சுவர்க் கடிகாரத்தில் 62 நிமிடம் 24 விநாடி ஓடியிருக்கும். நேரம் 4 சதவீதம் குறைவாகப் பதிவானதால், வினையின் வேகத்தைச் சொல்லும் எண்ணான வேக மாறிலி 4 சதவீதம் கூடுகிறது.

இப்போது பழி எங்கே போகும் என்று பாருங்கள். சர்க்கரை உடையும் வினை வெப்பத்துக்கு மிகவும் கூச்சப்படும். ஒரு டிகிரி கூடினாலே வேகம் ஏறத்தாழ 15 சதவீதம் ஏறும். 4 சதவீதம் என்பது கால் டிகிரிக்குச் சமம். உடனே எல்லோரும் வாட்டர் பாத்தைத்தான் சந்தேகிப்பார்கள். தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள், அமிலத்தை மறுபடி டைட்ரேட் செய்வார்கள், நாட்கள் ஓடும். கடிகாரத்தின் பக்கம் ஒருவரும் திரும்புவதில்லை.

கண்டுபிடிப்பது எளிது. கோப்பு உருவான நேரத்தையும் கடைசியாக எழுதப்பட்ட நேரத்தையும் எடுத்துக் கழியுங்கள். அதை இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உண்மையான இடைவெளி வந்துவிடும். இதை அந்தக் கணினியிலேயே பார்க்க வேண்டும். பென்டிரைவில் நகல் எடுத்துப் போனால் உருவான நேரம் மாறிவிடும். பழைய தரவையும் பெரும்பாலும் இப்படியே காப்பாற்றிவிடலாம்.

நிரலைத் திருத்த இரண்டு மாற்றம் போதும். முதலாவது, தூங்கும் நேரத்தை 30 என்று வைக்காமல், தொடங்கிய நொடியோடு வரிசை எண் பெருக்கல் 30ஐக் கூட்டி, அந்த இலக்கு வரும்வரை தூங்கச் சொல்லுங்கள். ஒரு ரீடிங் தாமதமானாலும் அடுத்தது சரியான இடத்துக்குத் திரும்பிவிடும். கருவிகளை இயக்கும் லேப்வியூ மென்பொருளில் வெறும் ‘வெயிட்’டுக்குப் பதிலாக ‘வெயிட் அன்டில் நெக்ஸ்ட் மல்டிபிள்’ இருக்கிறது. டைம்டு லூப் இன்னும் நல்லது. இரண்டாவது மாற்றம் இதைவிட முக்கியம்: வரிசை எண்ணிலிருந்து நேரத்தைக் கணக்குப் போடவே கூடாது. ஒவ்வொரு ரீடிங் எடுத்த கணத்திலும் கடிகாரத்தைப் படித்து அதையே எழுதுங்கள். பைத்தானில் அதற்கு ‘பெர்ஃப் கவுண்டர்’ இருக்கிறது. பின்னோக்கிப் போகாத, யாராலும் திருத்த முடியாத கடிகாரம் அது.

இன்னொன்று. 0.1 விநாடியைத் திரும்பத் திரும்பக் கூட்டி நேரத்தைக் கணக்கிடும் நிரல்களைப் பார்த்தால் உடனே மாற்றுங்கள். இரும எண்ணில் 0.1ஐ முழுசாக எழுத முடியாது. 1991 பிப்ரவரி 25இல் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு தவறியதற்கு இதே கணக்குத்தான் காரணம். 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1, சுமார் 100 மணி நேரம் ஓடியதில் 0.34 விநாடி பிசகிவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். துடிப்புகளை முழு எண்ணாக எண்ணிக்கொண்டே போங்கள். விநாடியாக மாற்றுவதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்யுங்கள்.

மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அமிலம் ஊற்றிய பிறகு பட்டனைத் தாமதமாக அழுத்திவிட்டேன், எல்லாம் போச்சா? முதல் வகை வினை, அதாவது மிச்சமுள்ள பொருளின் அளவுக்கு நேர் விகிதமாக வேகம் இருக்கும் வினை, என்றால் போகவில்லை. மொத்தமும் ஒரே அளவு நகர்ந்தால் மடக்கை வரைபடத்தின் சாய்வு மாறாது, வெட்டுப்புள்ளி மட்டும்தான் மாறும். தொடக்க வேகத்தை அளக்கும் நொதிச் சோதனையிலோ, பூச்சிய நேரத்துக்குப் பின்னோக்கி நீட்டும் கணக்கிலோ இந்தச் சலுகை கிடையாது. நகர்வு எங்கே மன்னிக்கப்படும், நீட்சி எங்கேயும் மன்னிக்கப்படாது என்பதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

நான்கைந்து ரீடிங் ஒரே நேரத்தில் வந்து குவிகிறது, அப்புறம் ஓர் இடைவெளி

அடுத்தடுத்த வரிகளின் நேர வித்தியாசத்தை எடுத்து, எந்த வித்தியாசம் எத்தனை முறை வருகிறது என்று ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். அதிலேயே பாதி பதில் இருக்கும்.

வித்தியாசங்கள் 15.6, 31.2 மில்லி விநாடி என்று படிப்படியாக நின்றால் காரணம் விண்டோஸ். அதன் உள் துடிப்பு வழக்கமாக விநாடிக்கு 64 முறை. 20 மில்லி விநாடி தூங்கு என்று சொன்னால் அது 31இல்தான் எழுந்திருக்கும். ‘டைம் பிகின் பீரியட்’ என்ற அழைப்பால் துடிப்பை 1 மில்லி விநாடிக்குக் கொண்டுவரலாம். முன்பெல்லாம் வேறு ஏதாவது நிரல் அதைக் கேட்டிருந்தாலே நம் நிரலுக்கும் பலன் கிடைத்துவிடும். பிரௌசர் திறந்திருந்தால் கருவி நன்றாக ஓடும், மூடினால் கெட்டுப்போகும் என்று சிலர் சொன்னது கற்பனை இல்லை. விண்டோஸ் 10இன் 2004 என்ற பதிப்பு முதல் அந்த இரவல் கிடையாது. அப்டேட் வந்த பிறகு சிதறல் கூடிவிட்டது என்றால் இதையும் பாருங்கள்.

யுஎஸ்பி வழியே சீரியல் கேபிள் போட்டிருந்தால் இன்னொரு இடம் உண்டு. எஃப்டிடிஐ சில்லு உள்ள கேபிள்கள், சின்னத் தரவை உடனே அனுப்பாமல் 16 மில்லி விநாடி வரை சேர்த்து வைத்து அனுப்பும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டைத் திறந்து, அட்வான்ஸ்டு என்ற இடத்தில் ‘லேட்டன்ஸி டைமர்’ 16 என்று இருக்கும். அதை 1 ஆக்குங்கள். அதே சமயம் யுஎஸ்பி மின்சேமிப்பையும் கணினி தூங்குவதையும் நிறுத்திவிடுங்கள்.

இதெல்லாம் தற்காலிக வைத்தியம். உண்மையான தீர்வு, அளவீடு நடக்கும் இடத்திலேயே நேரத்தைக் குறிப்பது. கணினிக்கு வந்து சேர்ந்த நேரம் வேறு, அளந்த நேரம் வேறு. கருவியே நேரம் எழுதித் தரும் வசதி இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையை வைத்துச் சொந்தமாகக் கருவி கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ஊனோ என்ற பலகையின் முதன்மைச் சில்லுக்குத் துடிப்பு தருவது குவார்ட்ஸ் படிகம் இல்லை, பீங்கான் ரெசனேட்டர். அதற்கு அனுமதிக்கப்பட்ட பிழை அரை சதவீதம் வரை. அந்த எல்லையைத் தொட்டால் மணிக்கு 18 விநாடி தவறும். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லைச் சேர்த்துவிட்டால் பிழை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் அடங்கும். ஆண்டுக்கு ஒரு நிமிடம் போல. சில்லறை விலையில் கிடைக்கும் பொருள் அது, தயங்காமல் வாங்குங்கள்.

குரோமட்டோகிராமில் பீக் நகர்கிறது

கலவையைப் பிரித்து வரையும் குரோமட்டோகிராமில் ஒவ்வொரு பொருளும் ஒரு முகடாக, அதாவது பீக்காக, வரும். கடிகாரத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் கடிகாரத்தை அவசரப்பட்டுக் குற்றம் சொல்லாதீர்கள். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 விநாடி. 10 நிமிடத்தில் வரும் சுக்ரோஸ் பீக்கை அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் நகர்த்தும். பீக் ஒரு சதவீதம் நகர்ந்தால் அது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. அப்படிப் பிசகும் கடிகாரம் கணினியில் இருந்தால் அதை ஊரே கவனித்திருக்கும்.

எல்லா பீக்கும் அதனதன் நேரத்துக்கு ஏற்ப விகிதமாக நகர்ந்தால் பம்ப், கசிவு, பிரிக்கும் குழாயின் (column) சூடு, கரைப்பான் கலவை இவற்றைப் பாருங்கள். எல்லா பீக்கும், பிடிபடாமல் முதலில் வெளியேறும் பீக்கும் சேர்த்து, ஒரே அளவு நகர்ந்தால் தொடக்கச் சமிக்ஞைதான் சந்தேகத்துக்குரியது. மாதிரியைத் தானே செலுத்தும் ஆட்டோசாம்ப்ளர் ஊசி போட்டதும் ரெண்டு கம்பியில் ஒரு தொடர்பு மூடும், அதுதான் ‘ஸ்டார்ட்’. அந்தக் கம்பி கழன்றோ, துருப்பிடித்தோ இருந்தால் சில மென்பொருள்கள் சத்தமில்லாமல் கணினி வழியான தொடக்கத்துக்கு மாறிவிடும். கணினி அந்த நேரத்தில் ஆன்டிவைரஸ் ஓட்டிக்கொண்டிருந்தால் தொடக்கம் ஓரிரு விநாடி தள்ளிப்போகும். பத்து ரன்னில் ஒன்று மட்டும் தனியாக நகர்ந்து நின்றால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

கம்பியை இழுத்துப் பார்ப்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். 2011 செப்டம்பரில் ஒபேரா என்ற ஆய்வுக் குழு, செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் ஆய்வுக்கூடத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோவுக்கு 730 கிலோமீட்டர் பயணித்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முந்தி வந்ததாக அறிவித்தது. உலகமே பேசியது. அடுத்த ஆண்டு, ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் ஃபைபர் கேபிளின் இணைப்பு முழுசாகச் செருகப்படாததும், ஒரு கடிகாரத்தின் துடிப்பு பிசகியதும் காரணம் என்று அவர்களே சொல்லித் திருத்தினார்கள்.

பீக் நகரவில்லை, பரப்பு மட்டும் ஆடுகிறது என்றால் ஒரு பீக்குக்கு எத்தனை புள்ளி விழுகிறது என்று எண்ணுங்கள். 15, 20 இருந்தால் சரி. ஐந்தாறு என்றால் பதிவு வேகத்தைக் கூட்டுங்கள்.

நேரம் பின்னால் போகிறது, அல்லது முழு மணிக்கணக்கில் தவறுகிறது

வித்தியாசம் எவ்வளவு என்பதே இங்கே துப்பு.

சரியாக ஒன்றரை மணி நேரம் என்றால், அந்த மடிக்கணினி இந்தியாவிலிருந்து வந்தது. யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட இந்திய நேரம் 5:30 மணி முன்னால், நம்முடையது 4:00 மணி முன்னால். ஊரிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள், வீட்டோடு பேச வசதி என்று மாற்றாமலே வைத்திருப்பார்கள். ஒரு தம்பி, “அண்ணே, தேதி எல்லாம் சரியாத்தானே இருக்கு” என்று கேட்டான். தேதி பகலில் சரியாகத்தான் இருக்கும். இரவு 10:30க்கு மேல் எடுத்த ரீடிங் எல்லாம் அடுத்த நாள் கணக்கில் போய்விடும்.

மூன்று மணி நேரம், அதுவும் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை இரண்டாகக் குறைந்தால், கருவி பாரிஸ் நேரத்தில் ஓடுகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த பொறியாளர் நிறுவிவிட்டுப் போன கருவிகளிலும், பக்கத்து ரெயூனியனிலிருந்து வாங்கியவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

சரியாக ஒரு மணி நேரம் என்றால், உள்ளூர் சரித்திரம் கொஞ்சம் வேண்டும். மொரிஷியஸ் 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை கோடைகால நேரத்தைச் சோதித்துப் பார்த்தது. அந்த மாதங்களில் நாம் யுடிசியை விட 5 மணி நேரம் முன்னால் இருந்தோம். அப்புறம் அரசு அதைத் தொடரவில்லை. அந்தப் பருவத்துத் தரவை, அலை மட்டமோ மழையோ வெப்பமோ, இன்று எடுத்து ஆராய்பவர்கள் கவனிக்க வேண்டும். சில கருவிகளுக்கு அன்று கையால் நேரம் மாற்றினார்கள், சிலவற்றை மறந்தார்கள். மார்ச் 29 அதிகாலையில் ஒன்று முதல் இரண்டு மணி வரை இருமுறை வந்தது. அந்த ஒரு மணி நேரத்து வரிகளைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தினால் கலந்துவிடும். எந்தக் கருவி மாறியது என்று தெரியாவிட்டால் சூரியக் கதிர்வீச்சையோ வெப்பத்தையோ வரைந்து, உச்சி நேரம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். முன் வாரத்தோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரம் தாவியதா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும்.

விண்டோஸில் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ‘போர்ட் லூயி’ என்று உள்ளதையே எடுங்கள். நான்கு மணி நேரம்தானே என்று பாக்குவையோ வேறு ஊரையோ எடுக்காதீர்கள். அஜர்பைஜான் 2015 வரை கோடைகால நேரம் வைத்திருந்த நாடு. அவர்களுடைய பழைய விதி உங்கள் பழைய தரவில் வந்து புகுந்துகொள்ளும்.

ஒரு விநாடிக்கும் குறைவாகவோ சில விநாடிகளோ பின்னால் தாவினால், அது வலைப்பின்னல் வழியே கடிகாரம் திருத்தப்பட்ட இடம். பழைய விண்டோஸ் வாரத்துக்கு ஒருமுறைதான் நேரம் கேட்கும்; அதற்குள் சேர்ந்த பிசகை ஒரே தாவலில் சரிசெய்யும். லீப் விநாடியும் இப்படித் தெரியலாம். கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 யுடிசி நள்ளிரவில். நமக்கு அது 2017 புத்தாண்டு அதிகாலை 4 மணி.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான். கோப்பின் தலைப்பில் தொடங்கிய நேரத்தை யுடிசியில் ஒரே ஒரு முறை எழுதுங்கள். வரிகளில், தொடங்கியதிலிருந்து ஓடிய விநாடியை, பின்னால் போகாத கடிகாரத்திலிருந்து எழுதுங்கள். உள்ளூர் நேரம் வேண்டுமானால் திரையில் காட்டும்போது கூட்டிக்கொள்ளலாம். ஆலைகளில் இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். கரும்பு கொண்டுவருபவரின் வருமானம் அதில் உள்ள சர்க்கரையைப் பொறுத்தது. எடைமேடையின் நேரமும் ஆய்வகத்தின் நேரமும் பொருந்தாமல் போனால், மாதிரி மாறியதா என்ற சந்தேகத்துக்குப் பதில் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

பேஸ்லைன், அதாவது சமிக்ஞை இல்லாதபோது வரும் அடிக்கோடு, மெதுவாக அலை அலையாக ஏறி இறங்குகிறது

வேதியியல் என்று நினைத்து ஏமாறும் இடம் இது. விநாடிக்கு 10 ரீடிங் எடுக்கும் கருவிக்குள் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் புகுந்தால், ஒவ்வொரு ரீடிங்கும் அலையின் அதே இடத்தில் விழும்; கோடு நேராகவே தெரியும். மின்சாரம் 49.9 ஹெர்ட்ஸ் ஆனதும் 10 விநாடிக்கு ஓர் அலை முளைக்கும். தீவின் மின்தொகுப்பு சிறியது. கண்டங்களின் பெரிய தொகுப்புகளைப் போல அதிர்வெண் அசையாமல் நிற்காது. தைப்பூசக் காவடியை ஒட்டிய புயல் மாதங்களில் ஜெனரேட்டரில் ஓடும்போது இன்னும் மோசம்.

பதிவு வேகத்தை 10லிருந்து 11க்கு மாற்றிப் பாருங்கள். அலையின் அகலம் மாறினால் அல்லது அலையே மறைந்தால் அது வேதியியல் இல்லை. கருவி அமைப்பில் மின் அதிர்வெண் 60 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவுக்கு என்று செய்த கருவிகள் அப்படியே வந்துவிடுகின்றன. 50 ஆக்கினால், ஒவ்வொரு ரீடிங்கும் 20 மில்லி விநாடி, அதாவது முழு ஒரு சுற்று, சராசரி எடுக்கப்பட்டு இரைச்சல் அடங்கும். அமைப்பை மாற்ற வழியில்லை என்றால் சராசரி நேரத்தை 100 மில்லி விநாடி ஆக்குங்கள். 50 ஹெர்ட்ஸுக்கு அது 5 சுற்று, 60க்கு 6 சுற்று, இரண்டும் அடங்கும்.

நாட்கணக்கில் நன்றாக ஓடிய பதிவு திடீரென நிற்கிறது

49 நாள் 17 மணி நேரம் ஆகியிருக்கிறதா? மில்லி விநாடியை 32 பிட்டில் எண்ணும் கவுண்டர் அப்போதுதான் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பும். ஆர்டுயினோவின் மைக்ரோ விநாடிக் கவுண்டருக்கு அது ஏறத்தாழ 71 நிமிடம். ‘இப்போதைய நேரம், அடுத்த நேரத்தைவிடப் பெரியதா’ என்று ஒப்பிடும் நிரல் அந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும். குறியில்லா முழு எண்ணாக வைத்து, இப்போதையதிலிருந்து முந்தையதைக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடுங்கள். கவுண்டர் சுற்றிவந்தாலும் கழித்தல் சரியாகவே வரும். அதுவரை மாதத்துக்கு ஒருமுறை கருவியை அணைத்துப் போடுங்கள்.

தேதியே தப்பாக இருக்கிறது

1970 அல்லது 2000 ஜனவரி 1: பேட்டரி தீர்ந்தது. சிஆர்2032 ஒன்று வாங்கிப் போடுங்கள்.

ஏறத்தாழ 20 ஆண்டு பின்னால்: பழைய ஜிபிஎஸ் கருவி. ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரைதான் எண்ணி மறுபடி தொடங்கும்; 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அது நடந்தது. 7168 நாட்களைக் கூட்டினால் சரியான தேதி கிடைக்கும். ஜிபிஎஸ் நேரம் யுடிசியை விட 18 விநாடி முன்னால் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளியிருந்தால் எக்ஸெலின் 1900, 1904 தேதி முறைகள் கலந்துவிட்டன. 1462 நாள் வித்தியாசம்.

மாதத்தின் 12ஆம் தேதி வரை மாதமும் நாளும் இடம் மாறியிருந்து, 13 முதல் எல்லாம் இடப்பக்கம் ஒட்டி எழுத்தாக நின்றால், நாள் முன்னே வரும் கோப்பை அமெரிக்க அமைப்பில் உள்ள எக்ஸெல் திறந்திருக்கிறது. பிரெஞ்சு, ஆங்கிலம் என்று இரண்டு அமைப்பிலும் கணினிகள் இருக்கும் நம் ஊரில் இது அன்றாடம் நடக்கிறது. சேமிக்காமல் மூடுங்கள். சிஎஸ்வியைச் சொடுக்கித் திறக்காமல் இறக்குமதி வழியே திறந்து, தேதி வடிவத்தை நீங்களே சொல்லுங்கள். புதிதாக எழுதும் கோப்புகளில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை வையுங்கள்.

விற்பனையாளருக்கு எழுதும்போது

‘நேரம் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால், மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள் என்று பதில் வரும். அட்டைச் சோதனையின் முடிவு, நேர வித்தியாசங்களின் பட்டை வரைபடம், மென்பொருள் பதிப்பு, விண்டோஸ் பதிப்பு, கேபிளின் சில்லு வகை, வெட்டாத மூலக் கோப்பு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். கூடவே ஒரு கேள்வியை எழுத்துமூலம் கேளுங்கள்: இந்த நேரம் அளவீடு நடக்கும்போது கருவிக்குள் குறிக்கப்படுகிறதா, தரவு வந்து சேர்ந்த பிறகு கணினியில் குறிக்கப்படுகிறதா, வரிசை எண்ணிலிருந்து கணக்கிடப்படுகிறதா? பதில் கிடைத்ததும் அதைக் கருவியின் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள். புதுக் கருவி வாங்கும் ஒப்பந்தம் என்றால், கையெழுத்துக்கு முன்பே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.